பள்ளத்துக்கு மஞ்சள் அடித்தவர்கள்

நகராட்சித் திட்டப் பிரிவில் வரைபடம் வரைகிறவளுக்கு அலுவலகத்தார் வைத்திருந்த பெயர் சிடுசிடு அக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டு அந்த அறையிலிருந்து முழுசாக வெளியே வருகிற துணிச்சல் அங்கே ஒருவருக்கும் கிடையாது. ஆனாலும் அவளுக்குத் தெரியும், தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிறவர்கள் மாடிக்கு மாடி உட்கார்ந்திருக்கிற கட்டிடத்தில் ஒருத்தியாவது சிடுசிடுவென்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது அவள் கட்சி.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அண்ணன் தன் படிப்பைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு பஸ் கழுவப் போனார். பிறகு கிளீனர், பிறகு டிரைவர். தங்கையைப் படம் வரைகிற படிப்பில் சேர்த்தது அவர்தான். இவள் வாய்க்கு வக்கீலுக்குத்தான் படிக்க வைக்கணும், ஆனா அவ்வளவுக்கு நமக்கு வசதி இல்லை என்று சேர்க்கை அறையிலேயே சொல்லிச் சிரித்தாராம். பிறகு அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவரே. மாப்பிள்ளை தையல்காரர். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருக்கிற மனிதர் என்பதால், வீட்டில் அவள் போடுகிற சண்டைக்கு எதிர்க்கட்சியே கிடையாது.

வேலையில் சேர்ந்த புதிதில் டிரேசிங் தாளில் மசிப்பேனாவால் வரைந்தாள். கணினி வந்தபோது கூட இருந்தவர்கள் பயந்துபோய் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார்கள். அவள் அதையும் நாலு திட்டுத் திட்டி, திட்டியபடியே கற்றுக்கொண்டாள். தாள் மாறினாலும் வேலை மாறவில்லை. வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, தொழிற்சாலைக்கு ஊதா, வயலுக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். ஊர் இன்னும் இருபது வருடத்தில் எப்படி வளரவேண்டும் என்பதற்கு ஒரு திட்டம் போடுவார்கள். அந்தத் திட்டத்தின் படத்தில் ஒரு நிலத்துக்கு மஞ்சள் விழுந்தால் அங்கே வீடு எழும்பும். நீலம் விழுந்தால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. எந்த நிலத்துக்கு எது என்று தீர்மானிக்கிறவர்கள் மாடியில் இருந்தார்கள். பூசுகிற கை மட்டும்தான் அவளுடையது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

ஊருக்கு மேற்கே ஒரு தாழ்வான வெளி. எல்லோரும் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் பாதியும் மேட்டுத் தண்ணீர் முழுதும் அங்கேதான் போய்ச் சேரும். சில வாரம் நின்று, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். பள்ளத்தின் ஓரத்தில்தான் ஊருக்குக் குடிநீர் தருகிற கிணறுகள். மழையில் பள்ளம் குடித்ததைத்தான் கோடையில் ஊர் குடிக்கிறது. இது ஒன்றும் யாரும் அறியாத ரகசியம் இல்லை. மோட்டார் அறைக்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், மாடியில் இருக்கிற திட்ட அதிகாரிக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டே செய்தார்கள் என்பதை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு பற்றியெரியும்.

ஏனென்றால் அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. நிலத்தை நேரில் பார்த்து எழுதுகிற வேலையை எப்போதும் கோடையில்தான் வைத்துக்கொள்வார்கள். மழையில் போனால் சேறு, வண்டி சிக்கும், கருவி நனையும், சளி பிடிக்கும். கோடையில் போனால் பள்ளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுவில் ஆடு மேயும், பிள்ளைகள் பந்தாடுவார்கள். பார்க்கப் போனவர் பார்த்ததை எழுதுவார், காலி இடம் என்று. காலி இடம் என்று எழுதிவிட்டால் மேலே இருக்கிறவர்களுக்குக் கை அரிக்கும். போன திட்டத்தில் பள்ளத்தின் கிழக்குப் பாதிக்கு இப்படித்தான் மஞ்சள் அடித்தார்கள். வீடுகள் வந்தன. ஊரில் தினமும் வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாளாயிற்று. கோடை வந்தால் லாரிதான். லாரி வருகிற நாளில் தெருவில் நடக்கிற அடிதடியைப் பார்த்தால், நல்ல குடும்பத்துப் பெண்கள்தானா இவர்கள் என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். அவளும் அந்த அடிதடியில் குடத்தோடு நின்றவள்தான், யாருக்கும் இளைத்தவளும் இல்லை.

இப்போது புதுத் திட்டம். மிச்சமிருந்த மேற்குப் பாதிக்கும் காலி இடம் என்றே எழுதி வந்திருந்தது. போதாக்குறைக்கு, அந்த மேற்குப் பாதியில் அண்ணன் ஒரு மனை வாங்கியிருந்தார்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை அப்படியே கொண்டுபோய் அதில் போட்டிருந்தார். சீக்கிரமே மஞ்சளாகிவிடும், இப்போது வாங்கினால் சல்லிசு என்று தரகர் சொன்ன பேச்சு. வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. வீட்டுக்காரனைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்கிற சுவர் வேண்டும் என்பது அண்ணியின் பல வருட ஆசை. தங்கையிடம் மட்டும் பத்திரம் முடிகிற வரைக்கும் மூச்சு விடவில்லை. சொன்னால் கத்துவாள் என்று தெரியும். முடிந்த பிறகு சொன்னார். அப்போதும் கத்தத்தான் செய்தாள். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, கட்டப்போகிற வீடு என்று அண்ணன் ஆசை ஆசையாகக் காட்டிய படத்தை நினைத்து அழவும் செய்தாள்.

எதுவுமே செய்யாமல் இருந்துவிடலாம். வந்த தாளுக்கு மஞ்சள் பூசிவிட்டு, அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் பலகாரத் தட்டோடு போகலாம். ஆனால் பள்ளம் முழுக்க மஞ்சளானால் கிணறு போகும், கிணறு போனால் ஊர் நாறும். பள்ளம் நீலமானால் அண்ணனின் மனை வெறும் மண். இரண்டில் ஒன்று. அவள் பல நாள் தூங்காமல் புரண்டாள். கடைசியில் அண்ணன் மேல் இருந்த பாசத்தைவிட மாடியில் இருந்தவர்கள் மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது. அதை நினைத்துத் தன் மேலேயும் கோபப்பட்டுக்கொண்டாள்.

மாடியில் இருந்த திட்ட அதிகாரிக்கு அவள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. எதைச் சொன்னாலும் பார்க்கலாம்மா என்பார். இனிமையான மனிதர். முகத்தைப் பார்த்தால் திட்டவே மனசு வராது. அதனால் அவள் சுவரைப் பார்த்துத் திட்டுவாள். மேற்குப் பாதியை மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், பார்த்த பிறகு என்ன எழுதுகிறீர்களோ எழுதுங்கள், அதுவரைக்கும் அந்தத் தாளைத் தொட மாட்டேன் என்று நின்றாள். அவர் பார்க்கலாம் என்றார். மறுநாளும் போய் நின்றாள். ஃபைல் கொடுக்கப் போனால் கேட்டாள், கையெழுத்து வாங்கப் போனால் கேட்டாள், அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துக் கேட்டாள். மழைக்காலமும் வந்தது. இவள் தொல்லை தாங்காமல் அவர் ஆட்களோடு கிளம்பினார்.

அன்றைக்கு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளம் நிறைந்து கரை தெரியாமல் கிடந்தது. பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கியவர்களுக்குத் தொடை வரைக்கும் தண்ணீர். ஒருவரின் செருப்பு மிதந்து போயிற்று. அவள் சாலையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். வேலைக்கு வந்த காலத்திலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. கண்ணால் பார்த்துவிட்டார்கள், இனி எப்படி மறைப்பார்கள் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய்த் தையல்காரரிடம் சிரித்துப் பேசினாள். அவர் பயந்துபோய் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அடுத்த வாரம் மாடியிலிருந்து குறிப்பு இறங்கியது. மேற்குப் பகுதியில் மழைநீர் தேங்கும் பிரச்சினை கண்டறியப்பட்டுள்ளது. குடியிருப்புக்கு ஏற்றதாக்கும் பொருட்டு, பெரிய வடிகால் அமைத்து நீர் முழுவதையும் ஆற்றுக்குக் கொண்டுசெல்லப் பரிந்துரைக்கப்படுகிறது. வடிகாலைப் படத்தில் சேர்க்கவும்.

கண் இல்லாமல் போனதுதான் இவர்கள் குறை என்று நினைத்திருந்தாள். கண்ணைத் திறந்துவிட்டதும் தண்ணீரைப் பார்த்தார்கள், பார்த்த உடனே அதை எப்படித் துரத்துவது என்றுதான் யோசித்திருக்கிறார்கள். கோடையில் பார்த்தபோதாவது தண்ணீரைச் சும்மா விட்டார்கள். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்குப் போனாள்.

“சார், அது தேங்கின தண்ணி இல்லை. நாம குடிக்கிற தண்ணி.”

“தெரியும்மா. ஆனா ஜனங்க தண்ணிக்குள்ள வீடு கட்ட முடியாதில்ல?”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன்.”

அவர் அன்பாகத் தலையாட்டினார். ஊர் வளர்கிறது, வீடு வேண்டும், தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாதே, அதற்கும் ஏற்பாடு இருக்கிறது என்றார். அந்த ஏற்பாட்டை அவள்தான் வரைந்திருந்தாள். எங்கோ தொலைவில் ஓடுகிற ஆற்றிலிருந்து குழாய் கொண்டு வருவார்களாம். படத்தில் ஒரு புள்ளிக்கோடு. ஊரின் எல்லையைத் தாண்டி, தாளின் விளிம்பு வரைக்கும் போய் அங்கே நின்றுவிடும். ஆறு அந்தத் தாளில் கிடையாது. பணமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. வாசலில் வந்து நிற்கிற தண்ணீரை ஆற்றுக்குத் துரத்திவிட்டு, அதே ஆற்றிலிருந்து குழாய் போட்டு இழுத்து வருவார்களாம். இதற்குப் பெயர் தொலைநோக்கு. யாராவது காசு கொடுத்துப் படித்துவிட்டு வந்து இப்படி யோசிப்பார்களா என்று அவள் அன்றைக்கு அலுவலகம் கேட்கக் கத்தினாள். அலுவலகம் கேட்டது. கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

ஊர்க்காரியாக ஆட்சேபணை கொடுக்கலாம் என்று ஒரு மனு எழுதிக் கீழே கொடுத்தாள். பிரிவு எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் உங்களுக்கு நிலம் இருக்கிறதா என்றார். நிலம் வைத்திருக்கிறவர்கள்தான் பாதிக்கப்படுகிறவர்கள், அவர்கள் மனுவைத்தான் எடுக்க முடியும் என்பது விதி.

“அந்தத் தண்ணியக் குடிக்கிறேங்க” என்றாள்.

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று மனுவைத் திருப்பித் தந்தார். ஊர் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறது, ஊரில் ஒருவரும் பாதிக்கப்படுகிறவர் இல்லை. பள்ளத்தில் மனை வாங்கிப் போட்டிருக்கிற கொஞ்சம் பேர்தான் பாதிக்கப்படுகிறவர்கள், அவர்கள் எல்லோருக்கும் மஞ்சள் வேண்டும். ஆட்சேபணை சொல்லவேண்டுமானால் அவர்களில் ஒருவர் சொல்லவேண்டும். அவர்களில் அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். லாரித் தண்ணீர், அடியில் மண் இருக்கும், பார்த்துக் குடி என்றாள். அவள் குடிக்காமலே விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு எப்போதும் வராது. நீ போய் உன் மனைக்கு மஞ்சள் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்று நேராகச் சொன்னாள்.

அண்ணனுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. குடும்பத்துக்கான கோபத்தை எல்லாம் அவளே எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் இல்லை என்று அண்ணி கேலி செய்வாள். அன்றைக்கு வந்தது.

“நான் பஸ் ஓட்டி உன்னைப் படிக்க வெச்சது, நீ என் மனையைக் கொண்டுபோய்த் தண்ணியில முக்கறதுக்கா?”

“அது ஏற்கெனவே தண்ணியிலதாண்ணா இருக்கு.”

“ஊர்ல வேற யாரும் இல்லையா? எல்லாரும் வீடு கட்டுவான், நான் மட்டும் தண்ணி காக்கணுமா? போ, எழுந்திரு. இந்தப் பேச்சோட இனிமே இந்தப் படியேறாதே.”

அவள் எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் அவரைத் திட்டினாள், பிறகு தன்னைத் திட்டினாள், பேருந்தில் மிச்சம் தராத கண்டக்டரைத் திட்டினாள். அவர் கேட்டதில் தப்பே இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. அந்த மனிதர் ஊருக்காக எதையும் விட்டுக்கொடுக்கவேண்டிய கடன் பட்டவர் இல்லை. பட்டவர்கள் எல்லாம் மாடியில் இருந்தார்கள். அதற்குப் பிறகு பல வாரம் அண்ணன் வீட்டிலிருந்து போன் வரவில்லை. அவளும் பண்ணவில்லை.

ஆட்சேபணைகளைக் கேட்கிற விசாரணை நாளில் நகராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. மனைக்காரர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். திரையில் படத்தைக் காட்டுகிற வேலை அவளுக்கு. பின்னால் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தார் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று காலையிலேயே உத்தரவு. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராக எழுந்தார்கள். வடிகால் எப்போது வரும், சாலை எவ்வளவு அகலம், என் மனைக்குச் சிவப்பு தந்தால் கடை போடுவேன். ‘பார்க்கலாம்’ அதிகாரி எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்றார். அநேகமாக ஒருவரும் தண்ணீர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னபோதும் அதை எப்படி வெளியேற்றுவது என்று கேட்கத்தான் சொன்னார்கள்.

அண்ணன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவள் பக்கம் திரும்பவில்லை. தன் மனையின் சர்வே எண்ணைப் படித்ததும் எழுந்து நின்றார்.

“நான் பஸ் டிரைவருங்க. மழையில அந்தப் பக்கம் வண்டி ஓட்டறப்ப, ரோட்டுல ஏறி வர்ற தண்ணியை நானே திட்டியிருக்கேன். இன்னிக்கு என் வீட்டுக்குத் தண்ணி லாரியில வருது, அடியில மண்ணு நிக்குது. எனக்கு வீடு வேணும், இல்லைங்கலை. ஆனா தண்ணி இல்லாத வீட்டுல நான் என்ன பண்றது? என் மனை தண்ணிக்கே இருக்கட்டும். எழுதிக்குங்க.”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். இவர் தங்கைதான் இங்கே படம் வரைகிறவள், அண்ணனும் தங்கையும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்று ஒருவர் எழுந்து கத்தினார். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நாடகத்துக்கு யாராவது தன் சொந்த மனையைக் கொடுப்பானா என்று கேட்டார். பிறகு வெளியே நடந்தார். கணினி மேசையைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார்.

“போதுமா?” என்றார்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் அவர் போய்விட்டார்.

உத்தரவு வந்த நாளில் ‘பார்க்கலாம்’ அதிகாரியே கீழே இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. உங்கள் அண்ணன் கேட்டதைக் கொடுத்துவிட்டோம்மா என்று தாளை நீட்டினார். அவள் ஆசையோடு வாங்கிப் படித்தாள். மேற்படி சர்வே எண்ணின் உரிமையாளர் தெரிவித்த ஆட்சேபணை ஏற்கப்படுகிறது. மேற்படி மனை மட்டும் நீர்ப்பகுதியாகக் குறிக்கப்படவேண்டும். மற்றவற்றில் மாற்றம் இல்லை.

அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. அவள் கத்தாததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். கணினியைத் திறந்தாள். பள்ளம் முழுக்க மஞ்சள். அதன் நடுவில் அண்ணனின் மனை ஒன்றுக்கு மட்டும் நீலம் பூசினாள். வடிகால் அந்த மனையின் குறுக்கே போவதாக இருந்தது. நீர்ப்பகுதியின் மேல் கட்டுமானம் கூடாது என்று விதி. அதனால் வடிகாலை வளைத்து அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி வரையச் சொன்னார்கள். ஊர்த் தண்ணீரை எல்லாம் வெளியேற்றுகிற வாய்க்கால், ஒரே ஒரு நீலக் கட்டத்துக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போயிற்று. அதையும் அவள் கைதான் வரைந்தது.

திருத்திய படத்தை மறுபடி ஆட்சேபணைக்காக வாசல் பலகையில் ஒட்டினார்கள். வேறு யாராவது அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடவேண்டும் என்று அவள் அன்றைக்கே போனாள். ஏறாதே என்ற படியில் ஏறாமல், கீழேயே நின்று சொன்னாள். அண்ணன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நகராட்சிக்கு நடந்தார்கள்.

பலகைக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் தேடினார். தேட வேண்டியதே இல்லை, அவ்வளவு மஞ்சளில் அது ஒன்றுதான் நீலம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனையைத் தண்ணீருக்குக் கொடுத்தவருக்கு, பார்க்கக் கிடைத்தது இதுதான். அவள், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

“அண்ணா, உன்னை ஏமாத்திட்டேன்” என்றாள்.

“சும்மா இரு” என்றார். விரல் நீலக் கட்டத்திலிருந்து பக்கத்து மஞ்சளுக்கு நகர்ந்தது. “இது யாருது?”

“மருந்துக்கடைக்காரரோடது.”

“இந்தப் பக்கம்?”

“ரிட்டயரான டீச்சர் ஒருத்தங்க.”

“அவங்க தெருவுக்கும் லாரிதானே வருது? இன்னும் மனு வாங்குவானுங்கல்ல?”

வாங்குவார்கள் என்றாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தன்னைவிடக் கோபமான ஒரு மனிதரை அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“ஒருத்தன் கேட்டா ஒரு மனையா? சரி. ஒவ்வொருத்தனாக் கேக்க வைக்கிறேன். வா, மருந்துக்கடைக்குப் போவோம். அங்க நான் பேசறேன், நீ வாயைத் திறக்காதே. நீ பேசினா காரியம் கெட்டுடும்.”